ஈசானியில் ஒரு தொட்டி

பிப்ரவரி 3

பாலம் எங்களுக்கே கிடைத்துவிட்டது. நகராட்சிப் பூங்காவில் ஓடைக்கு மேலே, நடந்து போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தொங்குபாலம். ஒப்பந்தம் அண்ணன் சென்னியப்பன் பேரில். வடிவமைப்பு கலாமணி, அதாவது நான்.

இத்தனை வருஷமாகக் கல்யாண மண்டபம், தண்ணீர்த் தொட்டி, கறிக்கடைக்கு மேலே மாடி என்று வரைந்து தள்ளியாயிற்று. கல்லூரியில் எனக்குப் பாலம் என்றால் உயிர். வெளியே வந்தபிறகு ஒரு வாய்க்கால் பாலம்கூட அமையவில்லை. யாருக்கு வேண்டும், இந்த ஊரில் ஓடையைத் தாண்டுவதற்குப் பதில் அதன்மேலேயே வீடு கட்டிவிடுகிறார்கள்.

சேதியைச் சொல்ல அண்ணனே மாடிக்கு வந்தார். நான் இருப்பது அவர் வீட்டு மாடியில். "உனக்காவத்தான் பாப்பா இந்த டெண்டர்ல எறங்குனேன்" என்றார். எனக்கு வயது முப்பத்தொன்பது, இன்னும் பாப்பாதான். அழுதுவிடுவேன் போலிருந்தது. அதனால் மண் பரிசோதனை எப்போது என்று கேட்டேன்.

பிப்ரவரி 9

அண்ணி கௌசல்யாவுக்குத் தொங்குபாலம் எப்படி நிற்கிறது என்று தெரியவேண்டுமாம். துணி காயப்போடுகிற கொடியைக் காட்டினேன். இரண்டு மூங்கிலை நட்டுக் கயிறு கட்டினால், ஈரப் போர்வையைப் போட்டதும் இரண்டும் உள்பக்கம் சாயும். சாயாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் பின்னால் கயிற்றை இழுத்து, தரையில் முளையடித்துக் கட்டவேண்டும். மூங்கிலுக்குப் பதில் இரும்புத் தூண், கயிற்றுக்குப் பதில் கேபிள். முளைக்குப் பதில் ஆங்கர் பிளாக் என்று மண்ணுக்குள் புதைந்த பெரிய கான்கிரீட் கட்டி, அக்கரைக்கு ஒன்று, இக்கரைக்கு ஒன்று. அவற்றின் கனம்தான் மொத்தப் பாலத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆனால் பாலத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிற ஒருத்தருக்கும் அவை கண்ணில் படாது.

"அப்பப் பாரமெல்லாம் நம்மளாட்டம் உள்ளுக்குள்ள கெடக்கறவங்களுக்குத்தான்னு சொல்லு" என்றார் அண்ணி. அவர் மகள் தாரணி சிரித்தாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள், வீட்டில் என்னை ஆதரிக்கும் ஒரே கட்சி.

பிப்ரவரி 20

வரைபடத்தை நகராட்சித் தலைவர் முத்துரத்தினத்திடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, புதுப் பாலம், இப்பவே தொங்குது?" என்றார். கேபிள் வளைந்து தொங்கினால்தான் தாங்கும் என்று சொன்னேன். "கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க, பாக்கறவங்க சொணங்கிப் போச்சும்பாங்க." நகராட்சிப் பொறியாளர் ஜெபராஜ் கூரையில் ஏதோ இருக்கிறது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியோ தொங்குவதற்கு அனுமதி வாங்கிவிட்டேன்.

மார்ச் 6

வாஸ்து ஆறுச்சாமி பூங்காவுக்கு வந்தார். தலைவர் அனுப்பியதாகச் சொன்னார்கள். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் திசைகாட்டி, நெற்றி நிறையத் திருநீறு. நல்ல மனிதர், எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

பாலம் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குப் போகிறது. தென்மேற்கு கன்னி மூலை, அங்கே எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் வைக்கலாமாம். வடகிழக்கு ஈசானி. அங்கே தண்ணீர் இருக்கலாம், பள்ளம் இருக்கலாம், பாரம் மட்டும் இருக்கக்கூடாது. "ஈசானில கனத்த ஏத்துனா, ஏத்துனவன் ஊட்டுப் பொம்பளைகளுக்கு ஆவாது கண்ணு."

இரண்டு முளையில் ஒன்றை மட்டும் லேசாக அடித்தால் கொடி என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

மார்ச் 7

அண்ணன் ரசத்தை மோர் என்று நினைத்து ஊற்றிக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் ஈசானி மூலையில், மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. நான் வடிவமைத்தது. என் வீட்டுக்காரர் ஞானசேகர் மாரடைப்பில் இறந்து முப்பது நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் ஆள் வைத்து அதை இடித்தார். ஒழுகுகிறது என்றார். அது ஒழுகவில்லை. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தவள் தொட்டிக்கா வாதாடுவேன், விட்டுவிட்டேன்.

மார்ச் 14

தலைவலி. ஈசானிப் பக்கத்து ஆங்கர் பிளாக்குக்கு இன்று கான்கிரீட். பூமி பூஜையும் சேர்த்து. நான் போகவில்லை. அண்ணி தேங்காய் பழத் தட்டை எடுத்துக்கொண்டு புறப்படும்போது "நீ படுத்துக்கோ கலா, வெயிலா இருக்குது" என்றார். காலை எட்டு மணிக்கு என்ன வெயில். ஆனால் தலைவலி இருந்தது, அது உண்மை. புடவையைக்கூட மாற்றிக் கட்டியிருந்தேன், அதற்கப்புறம்தான் வந்தது.

தாரணி சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு இல்லை.

மார்ச் 15

போய்ப் பார்த்தேன். வெளி அளவு நான் கொடுத்தபடியே சரியாக இருக்கிறது. மேலே ஒரு இரும்பு மூடி. கேபிளின் பிடியைப் பிற்பாடு பார்வையிட வசதியாக இருக்கும் என்றார் அண்ணன். நல்ல யோசனை, எனக்கே தோன்றவில்லை என்று பாராட்டினேன்.

ஏப்ரல் 22

இரண்டு கரையிலும் தூண்கள் எழுந்துவிட்டன. இன்று முதல் கேபிளை ஓடைக்குமேல் இழுத்தார்கள். நான் வரைந்த கோடு ஆகாயத்தில் தொங்கியது. அதே வளைவு. ஜெபராஜ் சார்கூட, "நல்லாருக்கு மேடம், கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

இன்று சந்தோஷமாக இருந்தேன். இதைத் தேதி போட்டு எழுதிவைக்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஜூன் 11

நடைபலகை வேலை பாதிக்கு மேல் முடிந்தது. பூங்காத் தோட்டக்காரர் அக்கரையில் புது அரளிச் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் குழாயே கிடையாது. தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன்.

"இதா, இதுக்குள்ளாறதானுங் தொட்டி" என்று ஆங்கர் பிளாக்கின் மூடியைக் காட்டினார். "போனவாரந்தான் மோட்டார் வெச்சாங்க. நல்ல தொட்டிங், ஓடைல ஊத்தெடுக்குது, வத்தறதேயில்ல."

மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர். கையிலிருந்த கம்பியை விட்டேன். முழுக் கம்பியும் உள்ளே போயிற்று.

நடந்து வீட்டுக்கு வந்தேன். வண்டியைப் பூங்காவிலேயே விட்டுவிட்டேன் என்பது வந்தபிறகுதான் தெரிந்தது.

ஜூன் 12

அண்ணன் மறைக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டார்.

"ஆறுச்சாமி சொன்னாரு பாப்பா. ஈசானில பாரந்தான் ஆவாது, தண்ணி இருக்கலாம். அதனால நடுவுல தொட்டியாட்டம் உட்டுப் போட்டேன். வெளிய அளவு ஒண்ணும் கொறையல. தண்ணிக்கும் கனம் இருக்குதுல்ல?"

"இருக்குதுங்ண்ணா. கான்கிரீட்டு கனத்துல பாதிகூட இல்ல. அதையும் தோட்டக்காரர் எறைச்சு அரளிக்கு ஊத்திட்டிருக்கறாரு."

"மோட்டார எடுத்துறச் சொல்றேன்."

மழைக்காலத்தில் ஓடை நிரம்பினால் சுற்றியுள்ள மண் ஊறிப்போகும், காலிக் கட்டி மேலே கிளம்பப் பார்க்கும், அப்போது பாலத்தில் கூட்டம் நின்றால் கேபிள் அதைப் பிடுங்கிக்கொண்டு வரும் என்று சொன்னேன். பரிகாரமும் சொன்னேன். ஆறுச்சாமியின் பரிகாரத்தைவிடச் சுலபம். தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டிக்குள் துளையிட்டுக் கம்பி நட்டு, கான்கிரீட்டால் நிரப்பிவிட்டால் போதும், ஒரு நாள் வேலை.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "ஈசானித் தண்ணிய மூடறதா? என்ன பேச்சுப் பேசறே பாப்பா?" தொட்டியே இல்லாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லையாம். இருக்கிற தண்ணீரை மூடுவது அதைவிடக் கேடாம்.

பாலம் விழும் என்கிறேன். அவர் காதில் வேறெதோ விழுகிறது.

ஜூன் 16

ஜெபராஜ் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேடம், நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். நா இப்ப இத எழுதினேன்னு வையுங்க, உங்க அண்ணன கறுப்புப் பட்டியல்ல ஏத்துவாங்க, என்னைய ராமநாதபுரத்துக்குத் தூக்குவாங்க. பளு ஏத்திச் சோதனை பண்ணுவோம். தாங்கலன்னா நானே நிறுத்திடுதேன்."

தாங்கும். கோடையில் தாங்கும். அதைச் சொன்னேன். "தாங்குச்சுன்னா அப்புறம் என்ன மேடம்" என்றார்.

ஜூலை 10

மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதனை போட்டார்கள். தாங்கியது. மண் காய்ந்து கல்லாக இருக்கிறது, தாங்காமல் என்ன செய்யும். தலைவர் நடுப்பாலத்தில் நின்று குதித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னைப் பார்த்தும் தட்டினார்கள்.

வடிவமைத்தவர் கையெழுத்து வேண்டும் என்று சான்றிதழை நீட்டினார்கள். போடமாட்டேன் என்றேன்.

வீட்டில் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த மொட்டமாடித் தொட்டிய ஈசானில வெக்கச் சொன்னது நாந்தான். நீ வேற பக்கம் வரஞ்சு குடுத்தே, எடம் அடையுதுன்னு நாந்தான் மாத்துனேன். ஆறுச்சாமி அப்பவே வேண்டாம்னாரு. நாங் கேக்கல. தண்ணி ரொப்பி ஆறு மாசம் ஆவல, மாப்ள போயிட்டாரு. உன்ற தாலிய அறுத்தது நானு பாப்பா. இன்னொருக்காப் பண்ணச் சொல்றியா?"

ரத்தக்குழாய் அடைப்பு என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "அது எதாச்சிம் காரணம் சொல்லோணுமில்ல, சொன்னாங்க" என்றார்.

இத்தனை வருஷமாக இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு எனக்கு மேலே மாடி கட்டிக்கொடுத்து, டெண்டர் எடுத்துக்கொடுத்து, மாம்பழம் நறுக்கி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கோபப்படக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

ஜூலை 29

வெளியூரிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாலத்தை அவர் பார்க்கவே இல்லையாம்.

ஆகஸ்ட் 12

கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதி முடித்தேன். நாளை அனுப்பவேண்டும்.

ஆகஸ்ட் 20

நாளை அனுப்பவேண்டும். இன்று தாரணியைப் பெண்பார்க்க வந்தார்கள்.

ஆகஸ்ட் 31

ஆவணி முகூர்த்தம், திறந்துவிட்டார்கள். நான் மேடைப் பக்கம் போகவில்லை, இக்கரையில் குழந்தைகள் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஊரே பாலத்தின்மேல். மேளம் வேறு. பாலம் லேசாக ஆடியதும் பெண்கள் கூவிச் சிரித்தார்கள். எவ்வளவு அழகாக ஆடியது. அப்படி ஆடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஒரு சமயத்தில் இருபது பேர் என்று அறிவிப்புப் பலகை வைக்கச் சொல்லி ஜெபராஜிடம் கெஞ்சியிருந்தேன். வைத்திருந்தார். அதன்மேல் தலைவர் படத்தைக் கட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் 28

ஞாயிறு. போய்ப் பார்த்தேன். ஆங்கர் பிளாக்குக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கோடு தெரிகிறது. நகம் நுழைகிற அளவு. காய்ந்த மண் வெடித்ததாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 30

மண் வெடிப்பு இல்லை அது, கட்டிதான் நகர்ந்திருக்கிறது.

அக்டோபர் 17

மூன்று நாளாக மழை. ஓடையில் செம்மண் வெள்ளம். காலையில் குடையுடன் போனேன். கோடு இல்லை அது, சந்து. என் கை உள்ளே போயிற்று. மேலே தூண் சாய ஆரம்பித்திருக்கிறது, பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாலத்தின்மேல் ஒரு கல்யாண கோஷ்டி, போட்டோக்காரர்களுடன்.

இறங்கச் சொன்னேன். சிரித்தார்கள். கத்தினேன். மாப்பிள்ளைப் பையன், "ஏனுங்க்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். பெண்ணின் தாயார் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துல இவ எங்க குறுக்க வந்தா" என்றார். அதற்காகவே இறங்கினார்கள். எந்தக் காரணத்துக்காக இறங்கினால் என்ன.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "வந்து கைய உட்டுப் பாருங்ண்ணா. அப்பறம் நீங்க சொல்றபடி கேக்கறேன்." மழையிலேயே வந்தார். குனிந்து கையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு தாம்புக் கயிற்றை எடுத்து இரண்டு கரையிலும் குறுக்கே கட்டி, பாலத்தை அடைத்தார்.

அக்டோபர் 21

இன்று நிரப்பியாயிற்று. மழை விட்டிருந்தது. தண்ணீரை இறைத்து, கம்பி நட்டு, சுற்றிலும் மண்ணை இடித்து இறுக்கி, எல்லாம் நான் சொன்னபடி. யாருக்கும் சொல்லவில்லை, பூஜை இல்லை, தேங்காய் இல்லை.

கலவை வண்டி வந்ததும் அண்ணன் என்னைத் தூரப் போகச் சொன்னார். போகமாட்டேன் என்றேன். என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். எனக்கும் தொட்டிக்கும் நடுவில் குறுக்கே நின்று, முதல் சட்டி கலவையைத் தானே வாங்கி உள்ளே கொட்டினார்.

"எதுன்னாலும் என்ற மேல வரட்டும்" என்றார். கலவைக்காரப் பையன்கள் என்னவென்று புரியாமல் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் கான்கிரீட் நிரம்பி மேலே வந்தபோது பாலம் பிழைத்தது என்று மட்டும்தான் நினைத்தேன். மறைக்கவில்லை, அதுதான் நினைத்தேன்.

நவம்பர் 9

கேபிளை மறுபடி இழுத்துக் கட்டி, தூணை நிமிர்த்தி, பாலத்தைத் திறந்துவிட்டோம். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அண்ணன் இளைத்திருக்கிறார். அலைச்சல் என்கிறார்.

நவம்பர் 13

அண்ணனுக்குப் பக்கவாதம். காலையில் செருப்பைப் போடக் குனிந்தவர் எழவில்லை. கோவை ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

நவம்பர் 15

வலப்பக்கம் முழுவதும் வரவில்லை. பேச்சும் இல்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது.

ரத்த அழுத்த மாத்திரையைச் சில வாரங்களாக விழுங்கவே இல்லை என்றார் டாக்டர். எப்போதிலிருந்து நிறுத்தினார் என்று அண்ணிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. எழுத வேண்டாம்.

நவம்பர் 24

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆறுச்சாமி பார்க்க வந்தார். யாரோ கலவை வண்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் குத்திக்காட்டவில்லை, கண் கலங்கினார். "மூடிப்போட்டானா பாவி" என்று மட்டும் சொன்னார்.

அண்ணி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நவம்பர் 26

தலைவரிடம் அண்ணி நேரில் போய் அழுதிருக்கிறார். ஈசானித் தொட்டியை உடைத்து மறுபடி தண்ணீர் விடுவதாக முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை உடைப்பு எந்திரம் வருகிறது. பாலத்தை அடைப்பார்களா என்று கேட்டேன். எதற்கு அடைக்கவேண்டும், இதற்கு முன்னால் தொட்டியோடு நன்றாகத்தானே நின்றது என்றார் தலைவர்.

மாலையில் பூங்காவுக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பாலத்தை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் மருத்துவ விடுப்பில் இருக்கிறாராம். கலெக்டருக்கான மனுவை இன்றைக்குத்தான் அனுப்பினேன். பரிசீலிக்க ஒரு மாதம் ஆகும் என்று ரசீது கொடுத்தார்கள்.

நவம்பர் 27

அண்ணியிடம் கணக்கைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். பிள்ளைகளைச் சொன்னேன். மாத்திரை நிறுத்தியதைச் சொன்னேன். "உன்ற கணக்கெல்லாம் அக்கட்டால வெய்யி கலா. எம்புருசன் அங்க கெடக்கறாரு" என்றார். ஆறுச்சாமியும் இருந்தார். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் எல்லோரும் நின்றோம். அண்ணன் இடது கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் சொன்னேன். "அண்ணி, அவரு தானா ஏத்துக்கிட்டது இது. தொட்டிய மூடறப்போ என்ற மேல வரட்டும்னு வாயால சொல்லித்தான் மூடுனாரு. இப்ப ஒடச்சா அவரு ஏத்துக்கிட்டது வீணாப் போயிரும். அடுத்தவங்க மேல எறங்கும். தாரணி மேல எறங்கும்."

ஆறுச்சாமி கண்ணை மூடி யோசித்துவிட்டு, "வாஸ்தவந்தான். ஏத்துக்கிட்டவன்கிட்டயிருந்து அத எடுக்கக் கூடாது" என்றார். என்னைப் பார்த்து, "உனக்கு இதெல்லாம் தெரியுமா கண்ணு" என்று ஆச்சரியப்பட்டார்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். எந்திரம் வேண்டாம் என்று தலைவருக்குச் சொல்லிவிட்டார்.

அண்ணனுடைய இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பாதி வாயால் சிரித்தார். ஞானசேகர் போன பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 29

அண்ணன் மாத்திரை சாப்பிடமாட்டேன் என்கிறார். பல்லைக் கடித்துக்கொள்கிறார். கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணையும் இடது கையால் தள்ளிவிட்டார்.

டிசம்பர் 2

மாத்திரையைப் பொடித்துச் சாதத்தில் கலந்தோம். கண்டுபிடித்துத் துப்பிவிட்டார். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்கிறார். மனச்சோர்வு, போகப்போகச் சரியாகும் என்கிறார். சோர்வா? அந்த முகத்தில் நிம்மதி பொங்கி வழிகிறது. குணமாகிவிட்டால் அது வேறு யார் மேலாவது போய்விடும் என்று வாயைச் சாத்திக்கொண்டு காவல் இருக்கிறார்.

நான்தானே சொன்னேன்.

டிசம்பர் 5

தனியாக உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு நாஞ் சொன்னது பொய்யிங். பாலத்துக்காவச் சொன்னேன். ஈசானியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பிரஷரு. அவருக்கு அடைப்பு. அவ்வளவுதானுங்ண்ணா."

என் தலையை இடது கையால் தடவிக்கொடுத்தார். இத்தனை வருஷம் நம்பாத தங்கச்சி ஒரு தடவை வாய்விட்டு ஒப்புக்கொண்டாள், அதை இனி என்னிடம் திருப்பிக் கொடுக்கமாட்டார். அவரைக் காப்பாற்றத்தான் இப்போது பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

டிசம்பர் 8

தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. அண்ணியிடம் போய், "ஒடச்சுருங்க" என்றேன். உடைத்துவிட்டு, அண்ணனிடம் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லுங்கள், மாத்திரை சாப்பிடுவார் என்றேன். உடைத்தால் பாலத்தையும் கழற்றிவிடச் சொல்கிறேன், நானே எழுதிக் கொடுக்கிறேன், கேபிளை அறுத்து இரும்புக்கடைக்குப் போட்டுவிடட்டும் என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அண்ணி மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"தாரணி மேல எறங்கும்னு நீதான சொன்னே? தை பொறந்ததும் அவளுக்கு நிச்சயம். வேண்டாம் கலா. அவரு ஏத்துக்கிட்டாரு, இருக்கட்டும்."

"அவரு செத்துருவாருங்க அண்ணி."

மாவிலிருந்து கையை எடுத்தார். அழுதார். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

டிசம்பர் 19

கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். ஆங்கர் பிளாக்கைத் துளைத்துப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, புகாரில் உண்மையில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி 4

அண்ணன் கஞ்சியும் குறைத்துவிட்டார்.

ஜனவரி 17

காணும் பொங்கல். ஊர் முழுக்கப் பூங்காவில். பாலத்தின்மேல் நிற்க இடமில்லை, கரும்பைக் கடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் கலைந்தபிறகு ஆங்கர் பிளாக்கைச் சுற்றிக் குனிந்து பார்த்தேன். மண்ணோடு ஒட்டி, பாறையாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு நூல் நகர்ந்திருக்கக் கூடாதா, ஏற்றுக்கொண்டது வீண் என்று அண்ணனிடம் சொல்லலாமே என்று நினைத்தேன். அத்தனை பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் நின்றுகொண்டு, பாலம் கட்டியவள், அப்படி நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கண்ணால் கேட்டார். தினமும் கேட்பார்.

"நல்லாக் கெட்டியா இருக்குதுங்ண்ணா."

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் டம்ளரையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.